பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாமாம்!



சில மாதங்களுக்கு முன் ஒரு மத்தியான வேளையில் நம் பத்திரிகை அறைக்கு ஒரு தம்பி வந்தார். தோளில் துணிப்பை. பைக்குள் 20 புத்தகம். அவர் எழுதிய முதல் நாவல். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதை. அவங்கம்மா சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாயை ஒரு பதிப்பகத்துக்காரர் வாங்கிக்கொண்டு, 200 பிரதி அடித்து, அதில் 150ஐ வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனாராம். "மிச்சத்த கடைகளுக்கு நான் பாத்து அனுப்பிக்கிறேன்" என்று சொன்னவர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. பெட்டிகள் இப்போது கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. கறையான் அரிக்காமல் அம்மாதான் மாதத்துக்கொரு தடவை வெயிலில் காயவைக்கிறார்.

புத்தகங்களை மேசைமேல் வைத்துவிட்டுத் தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அண்ணே, இத வித்துத் தாங்கன்னு கேக்கவே கூச்சமா இருக்கு. எழுதுறவன் இப்படிப் பையத் தூக்கிட்டு அலையலாமாண்ணே?"

இந்தத் தலையங்கம் அந்தக் கூச்சத்தைப் பற்றியது. அது அவருக்கு எங்கிருந்து வந்தது? ஒரு இலக்கியக் கூட்டத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் புத்தகத்தை நீட்டியிருக்கிறார். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுதினதோட ஒன் வேலை முடிஞ்சுது தம்பி. நல்ல எழுத்து தானே வாசகனைத் தேடிப் போகும். பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு?" என்றாராம். நம்ம தம்பியும் அதை வேதவாக்காக நம்பி ஆறு மாசம் சும்மா இருந்திருக்கிறார்.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம். சரிதான். ஆனால் பூக்கடை எங்கே இருக்கிறது? கோயில் வாசலில், தேரோடும் வீதியில் இருக்கிறது. அந்த வீதியில் கடை போட நமக்கு இடம் உண்டா? சேரிக் காத்து ஊருக்குள்ள அடிக்கக் கூடாதென்று திசை பார்த்துத்தானே சேரியை ஒதுக்கி வைத்தான்! காத்தையே திருப்பி விட்டவன், "வாசம் தானா வரும், சும்மா இரு" என்று நமக்குப் புத்தி சொல்கிறான். இதைவிடப் பெரிய பித்தலாட்டம் என்ன இருக்கிறது?

தொடர்பு என்பதும் நிலம் மாதிரிதான். பரம்பரையாக வருகிறது. ஒருவருக்குப் பத்திரிகையில் சித்தப்பா இருக்கிறார். கல்லூரியில் அவருக்குப் பாடம் எடுத்தவரே விருதுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறார். பதிப்பாளரோ பக்கத்து வீட்டுக்காரர். மத்தியானக் காபியோடு மதிப்புரை முடிவாகிவிடுகிறது. இவருக்கு விளம்பரம் தேவையில்லை, பிறக்கும்போதே விளம்பரப் பலகையோடு பிறந்தவர் இவர். அந்தப் பட்டாவுக்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'தரம்'. அதே கதவைத் தட்டி நம்மாள் ஒருத்தர் புத்தகத்தை நீட்டினால் அது 'விளம்பர மோகம்', 'ஆள் பிடிப்பது', 'அவசரம்'. பட்டா வைத்திருக்கிறவன் வேலி தாண்டுகிறவனைத் திருடன் என்பான். நாமும் நம்மைத் திருடன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொடுமை அதுதான்.

கூச்சம் நம் மரபு அல்ல தோழர்களே. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் சூட்டி நாலு பக்கப் பத்திரிகை கொண்டுவந்தார். எந்தச் சொல்லைச் சொல்லி அடித்தார்களோ அந்தச் சொல்லையே முகப்பில் போட்டு இரண்டணா விலைக்கு விற்றார். சென்னையில் மட்டும் இரண்டே நாளில் சுமார் 400 பிரதி விற்றதாகத் தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வாரப் பத்திரிகைக்குப் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. எழுத்தையும் விலையையும் ஒன்றாகச் சேர்த்துத் தலைப்பிலேயே கூவினார் பண்டிதர்.

பாபாசாகேப் என்ன செய்தார்? 1936இல் லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டலம், உரையில் இதை எடு, அதை நீக்கு என்று பேரம் பேசிக் கடைசியில் மாநாட்டையே கைவிட்டது. மேடை போனால் போகட்டும் என்று அவர் தன் செலவிலேயே 'சாதி ஒழிப்பு' உரையைப் புத்தகமாக்கி விற்றார். 1,500 பிரதியும் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்தன என்று 1937இல் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் கணக்கோடு சொல்கிறார். குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதையும் சேர்த்துச் சொல்கிறார். புத்தகம் எத்தனை விற்றது, யார் கைக்குப் போனது என்று கணக்குப் பார்ப்பது அண்ணலுக்கே கேவலமாகத் தெரியவில்லை. நமக்கென்ன கூச்சம்?

இவை கதைப் புத்தகங்கள் இல்லையே என்று யாராவது கேட்கலாம். கதைக்காரர் ஒருவரைச் சொல்கிறோம். மராட்டியத்தின் அண்ணாபாவ் சாத்தே, மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவரை வைத்துக்கொள்ளவில்லை. பம்பாயில் ஆலைத் தொழிலாளியாக இருந்து, 1944இல் தோழர்களோடு சேர்ந்து 'லால் பாவ்டா' கலைக்குழு தொடங்கி, பவாடாவும் தமாஷாவும் போட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளில் முதலில் கேட்கிற ஆளைச் சம்பாதித்தார். வாசிக்கிற ஆள் அதற்குப் பிறகுதான். 1959இல் வந்த 'ஃபகிரா' நாவலை அம்பேத்கருக்குச் சமர்ப்பித்தார். அப்படிப்பட்டவர் 1969இல் வறுமையில்தான் செத்தார். ஜனங்களிடம் பெயர் இருப்பது வேறு, புத்தகக் காசு எழுதினவன் வீட்டுக்கு வந்து சேருவது வேறு. நாம் இரண்டையும் பேச வேண்டும்.

தொடர்பு எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு வங்காளத்திலிருந்து ஒரு சங்கதி. மனோரஞ்சன் வியாபாரி நாமசூத்ர சாதி. அகதிக் குடும்பம். ஜெயிலில்தான் எழுத்தே கற்றுக்கொண்டார். வெளியே வந்து கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தார். ஒரு நாள் ஏறின அம்மாவிடம், புத்தகத்தில் படித்துப் புரியாமல் போன 'ஜிஜீபிஷா' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். உயிர் வாழும் ஆசை என்று அந்த அம்மா விளக்கினார். ரிக்‌ஷாக்காரருக்கு இந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று விசாரித்து, என் பத்திரிகைக்கு எழுது என்றார். அந்த அம்மா மகாசுவேதா தேவி. 1981இல் அவருடைய 'பர்த்திகா' சிறுபத்திரிகையில் வியாபாரியின் முதல் எழுத்து அச்சாயிற்று. அப்புறமும் பல வருஷம் ஒரு பள்ளியில் சமையல்காரராக இருந்துகொண்டேதான் எழுதினார்.

இந்தக் கதையை மேடையில் சொன்னால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். 'திறமை இருந்தா எப்படியும் மேல வரலாம் பாருங்க' என்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அந்த அம்மா வேறு ரிக்‌ஷாவில் ஏறியிருந்தால்? எத்தனை ரிக்‌ஷா ஸ்டாண்டில் எத்தனை நாவல் எழுதப்படாமலே போயிருக்கும்? ஒருவருக்கு அடித்த அதிர்ஷ்டத்தைக் காட்டி ஒரு சமூகத்துக்கு வழி காட்ட முடியாது. இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. உழைக்கிறவன் எழுத்தையும் போடுவேன் என்று பக்கம் ஒதுக்கி ஒரு சின்னப் பத்திரிகை அங்கே இருந்தது. சந்திப்பு தற்செயல்தான், ஆனால் அந்தப் பத்திரிகையை ஒருவர் உட்கார்ந்து நடத்தினார்.

தமிழுக்கு வருவோம். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய வருஷங்களில் நம் எழுத்து ஒரு வெள்ளம் மாதிரி வந்தது. ஒவ்வொரு புத்தகமும் வந்த பாதை ஒவ்வொரு மாதிரி.

1989இல் 'பழையன கழிதலும்' எழுதிய சிவகாமி, 1995இல் 'புதிய கோடாங்கி'யைத் தொடங்கித் தனக்கும் மற்றவர்க்கும் ஒரு களம் போட்டார். அந்த நாவலைத் தானே ஆங்கிலத்துக்கு மாற்றினார். 2006இல் வெளிவந்தது. தன் கதையைப் பிற மொழிக்காரனிடம் யார் வாயால் சொல்வது என்பதை அவரே தீர்மானித்தார்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது மதுரையில் ஒரு சமூகச் செயல் மையத்திலிருந்து. பெரிய பதிப்பகம் எதுவும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. சிறுபத்திரிகைகளும், வகுப்பறைகளும், இயக்கத் தோழர்களும் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோனார்கள். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய்ப் பரிசும் வாங்கியது. ஆனால் முதலில் நடந்தது என்ன? தன் சொந்த ஊருக்குள்ளேயே பாமாவால் மாதக்கணக்கில் போக முடியவில்லை. எங்களைப் பற்றி இப்படி எழுதிட்டியே என்று சனம் கோபித்துக்கொண்டது. ஊர் முழுக்கப் பேசினபிறகு, வாசித்துக் காட்டினபிறகு, அந்தக் கோபம் மெல்ல இறங்கியது. எந்தப் பேராசிரியரின் மதிப்புரையையும்விட அது பெரிய மதிப்புரை என்போம்.

1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வேறு வழியாக வந்தது. வரிக்கு வரி எடிட் செய்வதற்குப் பேர்போன க்ரியாவிலிருந்து வந்தது. சுந்தர ராமசாமி தூக்கிவைத்துப் பேசினார். தலித் தரப்பிலிருந்தே, நமக்குள் இருக்கிற மேல்கீழை மட்டும் காட்டுகிறது என்று காட்டமான விமர்சனம் வந்தது. சண்டை நடந்தது. சண்டையால் புத்தகம் சாகவில்லை, இன்னும் பல பேர் தேடிப் படித்தார்கள். 'செல்லாத பண'த்துக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதும் வந்தது.

பூமணி தன்னைத் தலித் எழுத்தாளர் என்ற பெட்டிக்குள் அடைப்பதை ஏற்காதவர். அவருடைய 'வெக்கை' 1982இல் வந்தது. 2019இல் 'அசுரன்' படமான பிறகு புத்தகக் காட்சியில் பையன்கள் வந்து 'அசுரன் புக்கு இருக்கா?' என்று கேட்டார்கள். நடுவில் 37 வருஷம்! 'நல்ல எழுத்து தானே தேடிப் போகும்' என்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

ஆக, வழி ஒன்றல்ல. சொந்தப் பத்திரிகை, சமூக மையம், கறாரான எடிட்டர், மொழிபெயர்ப்பு, சினிமா. எதுவும் தீட்டு இல்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. என்ன கேட்கிறான் என்று தெரிந்து நுழைய வேண்டும்.

பெரிய மனிதரிடம் அணிந்துரை வாங்க மூன்று மாதம் நடக்கிறோம். அவர் மூன்று பக்கம் எழுதித் தருகிறார். இரண்டு பக்கம் தன் இளமைக்காலம், ஒரு பக்கம் 'இவரிடம் கோபம் அதிகம், கலை கொஞ்சம் குறைவு, போகப்போகச் சரியாகிவிடும்'. நம் காசில் நம் புத்தகத்தில் நமக்கே நன்னடத்தைச் சான்றிதழ்! இலக்கிய விழா நடத்துகிறார்கள். நாவலின் எதிர்காலம் பற்றிப் பேச நம்மைக் கூப்பிட மாட்டார்கள். தலித் இலக்கிய அமர்வு என்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று வைத்து அதில் உட்கார வைப்பார்கள். நாவல் நாவலாகப் பேசப்படுகிற அமர்வில் நம் புத்தகத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வெளியீட்டு விழா வைத்தால் மண்டப வாடகை, பேனர், பொன்னாடை, சாப்பாடு என்று போகிற காசில் இன்னொரு புத்தகம் அச்சடிக்கலாம். விழா முடிந்து கணக்குப் பார்த்தால் போட்டோ 200, விற்ற பிரதி 12.

இதுவரை அடுத்தவனைச் சொன்னோம். இனி நம்மைச் சொல்வோம். இது சிலருக்குக் கசக்கும்.

நாம் புத்தகம் வாங்குகிறோமா? 'தோழர், எனக்கொரு காப்பி குடுங்க' என்று உரிமையோடு கேட்கிறோம். கொடுக்காவிட்டால் கோபிக்கிறோம். கொடுத்ததைப் படித்தோமா என்றால் அதுவும் இல்லை. டீக்கும் பிளக்ஸுக்கும் காசு இருக்கிறது. பொதுக்கூட்ட மேடையில் தலைவர்க்கு மாலை விழுகிறது, எழுத்தாளர் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார், கூட்டம் அவரைத் தாண்டிப் போகிறது. நம் பத்திரிகையும் யோக்கியம் இல்லை. மதிப்புரைக்கு வந்த புத்தகங்கள் நம் அலமாரியில் வருஷக்கணக்கில் தூங்குகின்றன. இதை ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்று. நமக்குள்ளேயும் பட்டா இருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிடுகிற பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெண்கள் எத்தனை பேர்? அருந்ததியர் எழுத்து எத்தனை? புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளை எழுதினால் முதல் வரிசையில் யார் உட்காருகிறோம்? ஊர்க்காரன் நமக்குச் செய்ததையே நாம் நமக்குக் கீழே செய்துகொண்டு, 'எங்க புத்தகத்தை யாரும் கண்டுக்கல' என்று ஒப்பாரி வைக்க நமக்கு யோக்கியதை இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டமெல்லாம் நம்மிடம் இல்லை. கையால் செய்யக்கூடிய சில வேலைகள்:

ஒன்று. காசு கொடுத்து வாங்குவோம். இலவசப் பிரதி கேட்பதை நிறுத்துவோம். மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கிச் சுற்றில் விடலாம், தப்பில்லை.

இரண்டு. ஏப்ரல் 14, டிசம்பர் 6 கூட்டங்களில் புத்தக மேசை கட்டாயம். மேடையில் பத்து நிமிஷம் எழுத்தாளர் தன் கதையிலிருந்து இரண்டு பக்கம் வாசிக்கட்டும். நம் சனம் கேட்கிற சனம். தெருக்கூத்தை விடிய விடியக் கேட்டவர்களுக்கு இரண்டு பக்கம் கேட்கத் தெரியாதா?

மூன்று. விடுதிகள். ஆதிதிராவிடர் நல விடுதி என்றிருந்த பெயர்ப்பலகை 2025இல் 'சமூகநீதி விடுதி' என்று மாறியது. பலகை மாறியது சரி, உள்ளே நம் எழுத்தாளர்களின் புத்தகம் ஒரு அலமாரியாவது உண்டா? மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு எழுத்தாளர், 20 மாணவர்கள். பஸ் செலவை நாம் ஏற்போம். நாளைக்கு எழுதப்போகிற பிள்ளை அந்த இருபதில்தான் உட்கார்ந்திருக்கும்.

நான்கு. எழுதுகிற தோழர்களுக்கு. அச்சடிக்க உங்களிடமே மொத்தப் பணமும் கேட்கிறவர் பதிப்பாளர் இல்லை, அச்சக ஏஜெண்ட். எத்தனை பிரதி, விலை என்ன, ராயல்டி எத்தனை சதம், எத்தனை வருஷம் உரிமை, எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மொழிபெயர்ப்பு உரிமையும் சினிமா உரிமையும் தனித்தனி என்று நினைவில் வையுங்கள். கையெழுத்துப் போடுமுன் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்கள் நூல் வெளியிட அரசு நிதியுதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பிக்கிற விவரத்தைக் கேட்டு எழுதுங்கள், சொல்கிறோம். நூலக ஆணையை மட்டும் நம்பி உட்காராதீர்கள், அது மழை மாதிரி, வந்தால் வரும். முகநூலில் அட்டைப்படம் போட்டு 300 பேர் வாழ்த்தினால் 300 விற்றுவிட்டது என்று ஏமாறாதீர்கள்.

ஐந்து. ஒருவர் புத்தகத்தைப் பற்றி இன்னொருவர் எழுதுங்கள். முதுகு சொறிவதைச் சொல்லவில்லை. 'நம்மாளு எழுதினது' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் அது எழுத்தாளரைக் கொல்வதற்குச் சமம். எங்கே நன்றாக வந்திருக்கிறது, எங்கே சறுக்கியிருக்கிறது என்று கறாராகச் சொல்கிறவன்தான் தோழன். அடுத்த இதழிலிருந்து இந்தப் பத்திரிகையில் நான்கு பக்கம் நாவல், சிறுகதை மதிப்புரைக்கு. இது வாக்குறுதி. தவறினால் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

கடைசியாக அந்தத் தம்பி சங்கதி. மேசையில் வைத்துவிட்டுப் போன இருபதில் 17 விற்றோம். முழு விலைக்கு. அதோடு விடவில்லை. சூளைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஒரு ராத்திரி அவரையே வாசிக்கச் சொன்னோம். முப்பது பேர் இருப்பார்கள். பாதி பேருக்கு எழுத்து தெரியாது. முதல் அத்தியாயம் முடிந்ததும் ஒரு அம்மா எழுந்து, "ஏம்பா, நீ சித்திரையில மொம்பணம் வாங்குனாங்கன்னு எழுதியிருக்க. சித்திரையில நாங்க சூளையில கெடப்போம். மழைக்காலத்துல அடுப்பெரியாம இருக்கும் பாரு, அப்பத்தான் ஏஜெண்டு பணத்தோட வருவான். அதத் திருத்து" என்றார். தம்பி பேனாவை எடுத்து அங்கேயே குறித்துக்கொண்டார். அந்த அம்மா மேலும் சொன்னார்: "மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. மேல படி."

இரண்டாம் பதிப்பில் அந்த மாதத்தை மாற்றப் போகிறாராம். கட்டிலுக்கடியில் இன்னும் நூற்றுக்கு மேல் பிரதிகள் இருக்கின்றன. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த குடியிருப்புக்குக் கிளம்பிவிட்டார். கூச்சம் போய்விட்டதா என்று கேட்டோம். "பாதி போயிருச்சுண்ணே" என்றார்.

மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது தோழர்களே. படியுங்கள், வாங்குங்கள், சண்டை போடுங்கள்.

ஜெய்பீம்!

— ஆசிரியர் குழு